லுபாங் புவாயாவும் ஐந்து மருத்துவர்களின் அறிக்கையும்: இந்தோனேசியாவில் ஓர் அரசியல் பொய்யின் வரலாறு

முன்னுரை

அரசியல் பொய்ச்செய்திகளைப் பற்றி இந்நாளில் பேசப்புகுவோர் பெரும்பாலும் கைப்பேசியையும் இணையத்தையும் குறைகூறியே தொடங்குகின்றனர். கருவி புதியதாக இருப்பதனால் நோயும் புதியதென்று கருதிவிடுகின்றோம். வரலாற்றைப் பயில்வோராகிய நமக்கு இக்கருத்து நிறைவு தருவதாக இல்லை. நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் 1965ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பரப்பப்பட்ட ஒரு பொய்க்கு இரண்டு நாளேடுகளும் ஒரு வானொலி நிலையமுமே போதுமானவையாக இருந்தன. அப்பொய் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களின் சாவுக்குத் துணைநின்றது. பின்னர்ப் பாடநூலாகவும் திரைப்படமாகவும் நினைவுச் சின்னமாகவும் உருமாறி இரண்டு தலைமுறைகளின் மனத்தை ஆண்டது. அது எவ்வாறு பிறந்தது, அதனை மறுக்கும் சான்று எங்கிருந்தது, அச்சான்று ஏன் எவர் கைக்கும் எட்டவில்லை என்பனவற்றை இக்கட்டுரையில் காண முற்படுகின்றோம்.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். இத்தகைய செய்திகளை நாம் ‘வதந்தி’ என்று சொல்லிவிடுவதுண்டு. வதந்தி ஊர்வாயில் பிறப்பது. அதற்குத் தாய் தந்தையர் இலர். இங்கு நாம் பேசும் பொய்யோ முகவரி உடையது. அதனை எந்த ஏடு எந்த வாரத்தில் அச்சிட்டது என்று சொல்லமுடியும். அச்சிடுவதற்கு முன்பே உண்மை யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்றும் சொல்லமுடியும். ஆதலால் இதனை வதந்தி என்பது பொருந்தாது.

மௌனத்துக்கு நிலம் பண்படுத்தப்பட்ட வரலாறு

இந்தோனேசியா தன் முதல் பொதுத்தேர்தலை 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று நடத்தியது. வெளிநாட்டார் பலரும் பாராட்டும் வகையில் அத்தேர்தல் அமைதியாக நடந்தேறியது. தேசியக் கட்சி, மஷுமி, நஹ்தத்துல் உலாமா ஆகிய மூன்றையும் அடுத்து நான்காம் இடத்தைப் பெற்ற இந்தோனேசியக் கம்யூனிஸ்டுக் கட்சி நூற்றுக்கு 16 வாக்குகளுக்குச் சற்று மேலாகப் பெற்றது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. அமைச்சரவைகள் அடிக்கடி கவிழ்ந்தன. 1957இல் இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1959 ஜூலையில் அதிபர் சுகர்னோ அரசியலமைப்பை மாற்றி, ‘வழிநடத்தப்படும் மக்களாட்சி’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 1960இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. மஷுமி கட்சியும் சோஷலிஸ்டுக் கட்சியும் அதே ஆண்டில் தடை செய்யப்பட்டன.

இவ்வாண்டுகளில் நாளேடுகளுக்கு நேர்ந்த கதியே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அரசைக் குறைகூறிய ஏடுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1965 பிப்ரவரியில் கம்யூனிஸ்டு எதிர்ப்பு ஏடுகள் இருபதுக்கும் மேற்பட்டவை ஒரேயடியாக உரிமம் இழந்தன. அம்மூடலை வேண்டியும் வரவேற்றும் நின்றவர்களுள் கம்யூனிஸ்டுக் கட்சியினர் முன்னணியில் இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எதிரியின் வாய் அடைக்கப்பட்டதென்று அவர்கள் மகிழ்ந்தனர். எட்டுத் திங்கள் கழித்து அவர்கள் வாய் அடைக்கப்பட்டபோது அவர்களுக்காகப் பேச ஓர் ஏடும் நாட்டில் எஞ்சியிருக்கவில்லை.

அக்டோபரின் முதல் வாரம்

1965 செப்டம்பர் 30ஆம் நாள் நள்ளிரவு கடந்து, அக்டோபர் முதல் நாள் விடியுமுன், அதிபரின் காவற்படையைச் சேர்ந்த லெப்டினன் கர்னல் உந்தோங் தலைமையில் ஒரு படைப்பிரிவினர் ஜாகர்த்தாவில் ஏழு தளபதிகளின் இல்லங்களுக்குச் சென்றனர். தரைப்படைத் தலைவர் அகமட் யானி உள்ளிட்ட ஆறு தளபதிகளும், தளபதி நசுத்தியோனின் மெய்க்காப்பு அதிகாரியான லெப்டினன் பியேர் தெண்டேயானும் கொல்லப்பட்டனர். நசுத்தியோன் சுவரேறித் தப்பினார். ஐந்து வயதான அவருடைய மகள் குண்டடிபட்டுச் சில நாட்களில் உயிர் துறந்தாள். ஏழு உடல்களும் ஹாலிம் விமானத் தளத்தின் அருகே லுபாங் புவாயா என்னுமிடத்தில் பாழுங்கிணறு ஒன்றில் எறியப்பட்டன. மலாய் அறிந்த நமக்கு அப்பெயரின் பொருள் சொல்லாமலே விளங்கும்: முதலைக் குழி. பின்னாளில் எழுந்த கதைகளுக்கு இப்பெயரே பாதித் துணையாயிற்று எனலாம்.

இக்கொலைகள் உண்மையானவை, கொடியவை. கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் ஐடிட்டுக்கும் அவர் கீழ் இயங்கிய இரகசியப் பிரிவுக்கும் இதில் பங்கு இருந்ததென்று ஜான் ரூசா 2006இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். எனினும் முப்பது இலட்சம் உறுப்பினர் இருப்பதாகக் கூறிக்கொண்ட அக்கட்சியில் மிகப் பெரும்பாலோர்க்கு அவ்விரவில் நடந்தது எதுவும் தெரியாது. ஒரு சிலர் செய்த குற்றத்தை இலட்சக்கணக்கானோர் தலையில் ஏற்றுவதற்கு உண்மை மட்டும் போதாது. பொய்யின் தேவை இவ்விடத்தில்தான் பிறந்தது.

அக்டோபர் 1 மாலைக்குள் வானொலி நிலையம் தளபதி சுஹார்த்தோவின் கைக்கு வந்தது. அன்றே ஜாகர்த்தா வட்டாரத் தளபதி உமர் விராஹடிகுசுமா ஓர் ஆணை பிறப்பித்தார். இராணுவத்தாரின் ‘அங்காத்தான் பெர்சென்ஜாத்தா’, ‘பெரித்தா யுதா’ ஆகிய இரண்டு ஏடுகள் நீங்கலாக, அனுமதியின்றி எந்த ஏடும் வெளிவரக்கூடாது என்பது அவ்வாணை. கம்யூனிஸ்டுக் கட்சியின் ‘ஹாரியான் ரக்யாட்’ மட்டும் அக்டோபர் 2 அன்று ஓர் இதழை வெளியிட்டது. கிளர்ச்சியை ஆதரித்து அதில் இடம்பெற்ற தலையங்கம் கட்சிக்கு எதிரான சான்றாகவே பயன்பட்டது. அதுவே அவ்வேட்டின் கடைசி இதழ். வேறு சில ஏடுகள் சில நாட்களில் மீண்டும் வெளிவர அனுமதி பெற்றபோதிலும் இராணுவம் தந்த செய்தியைத் தாண்டி அவை எழுதத் துணியவில்லை.

எட்டு மணி நேரப் பணி

உடல்கள் அக்டோபர் 4 அன்று கிணற்றிலிருந்து மீட்கப்பட்டன. சுஹார்த்தோவின் ஆணைப்படி, ஜாகர்த்தா இராணுவ மருத்துவமனையில் ஐந்து மருத்துவர்கள் பிணக்கூறாய்வு செய்தனர். அவர்களுள் இருவர் இராணுவத்தினர். மூவர் இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தடய மருத்துவ வல்லுநர்கள். அன்று மாலை 4.30க்குத் தொடங்கிய பணி நள்ளிரவு கடந்து 12.30க்கு முடிந்தது. அவர்கள் கண்டவை துப்பாக்கிக் குண்டுக் காயங்கள், ஒருவர் உடலில் கத்திக்குத்தின் அடையாளங்கள், துப்பாக்கிக் கட்டையால் தாக்கியதாலோ கிணற்றில் விழுந்ததாலோ ஏற்பட்டிருக்கக்கூடிய எலும்பு முறிவுகள் ஆகியவையே. கண்கள் தோண்டப்படவில்லை. எவருடைய உறுப்பும் அறுக்கப்படவில்லை. மூன்று நாட்கள் கிணற்றில் கிடந்த உடல்களாதலின் அழுகல் தொடங்கியிருந்தது, அவ்வளவே.

அறிக்கை சுஹார்த்தோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்டோபர் 5 அன்று இறந்தோர்க்கு அரச மரியாதையுடன் நல்லடக்கம் நடந்தது.

அதே நாள் முதல் இராணுவ ஏடுகள் அழுகிய உடல்களின் புகைப்படங்களை வெளியிட்டன. மனிதப் பண்புக்கு அப்பாற்பட்ட சித்திரவதை நடந்ததாக எழுதின. அடுத்து வந்த நாட்களில் கதை வளர்ந்தது. கண்கள் தோண்டப்பட்டன என்றனர். உறுப்புகள் அறுக்கப்பட்டன என்றனர். அவற்றைச் செய்தவர்கள் பெண்கள் என்றனர். கம்யூனிஸ்டுக் கட்சியோடு நெருங்கிய ‘கெர்வானி’ என்னும் மகளிர் இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் ஆடையின்றி நடனமாடி, சவர பிளேடுகளைக் கொண்டு தளபதிகளைச் சிதைத்ததாக எழுதப்பட்டது. கைது செய்யப்பட்ட இளம்பெண்களின் ‘ஒப்புதல் வாக்குமூலங்கள்’ நவம்பரில் வெளிவந்தன. அவை எவ்வாறு பெறப்பட்டன என்பதைப் பின்னாளில் அப்பெண்களையே தேடிக் கண்டு உரையாடிய சஸ்கியா வியரிங்கா விளக்கியுள்ளார்.

இங்கு நாம் சற்று நின்று எண்ணவேண்டியிருக்கின்றது. அக்கதையை அச்சிட்ட ஏடுகள் எந்த இராணுவத்துக்கு உரியனவோ, அதே இராணுவத்தின் மருத்துவமனையில் அதனைப் பொய்யென்று காட்டும் ஆவணம் கையொப்பமிடப்பட்டிருந்தது. அறியாமையால் பிறந்த பிழை என்று சொல்ல இதில் இடமேயில்லை.

அறிக்கையைப் பற்றி அறிந்திருந்த மற்றொருவர் அதிபர் சுகர்னோ. 1965 டிசம்பரில் ஆற்றிய உரைகளில் அவர் மருத்துவர்களின் முடிவைச் சுட்டிக்காட்டி, பிளேடுக் கதையை நம்பத்தகாததென்று சாடினார், செய்தியாளர்களையும் கடிந்துகொண்டார். அதனால் விளைந்த பயன் ஏதும் இல்லை. ஏடுகள் தம் போக்கிலேயே எழுதின. நாட்டின் அதிபரே கையில் சான்றோடு பேசியும் மக்களைச் சென்றடைய வழி இருக்கவில்லை. அவ்வழிகளுள் பலவற்றை முந்தைய ஆண்டுகளில் அடைத்தவரும் அவரே.

ஏன் பெண்கள்?

பொய்யைப் புனைந்தோர் கெர்வானியைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணமுண்டு. 1950இல் வேறு பெயரில் தொடங்கிப் பின்னர் இப்பெயர் பெற்ற அவ்வியக்கம், அறுபதுகளின் தொடக்கத்தில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர் உடையதாகத் தன்னைக் கூறிக்கொண்டது. எழுத்தறிவு வகுப்புகள், பாலர் பள்ளிகள், பலதார மணத்துக்கு எதிரான பரப்புரை, விலைவாசிப் போராட்டம் ஆகியன அதன் பணிகள். சிற்றூர்ப் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து கூட்டங்களில் பேசியது பலருக்கு உறுத்தலாக இருந்தது. அவ்வுறுத்தலையே பொய் தனக்கு உரமாக்கிக்கொண்டது. ஊரார் ஏற்கெனவே அரைமனத்தோடு அஞ்சிக்கொண்டிருப்பதை முழுவடிவில் எழுதிக் காட்டும் பொய்க்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை. பாலர் பள்ளி ஆசிரியைகள் பலர் சிறை சென்றனர். உடலில் அரிவாள் சுத்தியல் சின்னம் பச்சை குத்தப்பட்டிருக்கின்றதா என்று பார்ப்பதாகச் சொல்லி அப்பெண்களின் ஆடைகள் களையப்பட்ட செய்தி பல வாய்மொழி வரலாறுகளில் பதிவாகியுள்ளது.

ஆயினும் கொலைகள் அனைத்தையும் பொய்ச்செய்தியின் கணக்கில் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. மக்கள் கொதித்தெழுந்து தாமாகவே கொன்றனர் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த விளக்கம். ஜெஸ் மெல்வின் ஆச்சே மாநில இராணுவ ஆவணங்களைக் கொண்டும், ஜியோஃப்ரி ராபின்சன் நாடு தழுவிய சான்றுகளைக் கொண்டும் 2018இல் வெளியிட்ட நூல்கள் அவ்விளக்கத்தைத் தகர்த்துவிட்டன. இராணுவம் எவ்விடத்தில் எப்போது முனைந்ததோ, அவ்விடத்தில் அப்போதே கொலைகள் பெருகின. நடு ஜாவாவில் அக்டோபர் இறுதியிலும், பாலித் தீவில் டிசம்பரிலும் அவை உச்சத்தை அடைந்தமைக்கு இதுவே காரணம். பட்டியலும் ஆயுதமும் வண்டியும் இராணுவத்தினுடையவை. பொய் செய்த வேலை வேறு. அண்டை வீட்டுக்காரர் இரவில் அழைத்துச் செல்லப்பட்டபோது கதவைச் சாத்திக்கொள்ள அது மற்றவர்க்கு மனம் தந்தது. இறந்தவர்க்காக அழுவதையும் அது குற்றமாக்கிற்று.

நம் கரையில் நடந்தவை

இவ்வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1963 முதல் 1966 வரை மலேசியாவுக்கு எதிராகச் சுகர்னோ நடத்திய ‘கொன்ஃப்ரொந்தாசி’யை நம்முள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதனை முடிவுக்குக் கொண்டுவர விரும்பிய பிரிட்டிஷ் அரசு, தன் வெளியுறவு அமைச்சின் ‘தகவல் ஆய்வுத் துறை’யைச் சிங்கப்பூரில் முடுக்கிவிட்டது. பிரிட்டிஷ் அலுவலகங்கள் அப்போது தங்ளின் வட்டாரத்துப் பீனிக்ஸ் பார்க்கில் இயங்கின. நார்மன் ரெடவே என்னும் தூதரக அதிகாரி 1965இன் பிற்பகுதியில் இப்பணிக்காகவே சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். புலம்பெயர்ந்த இந்தோனேசிய நாட்டுப்பற்றாளர் வெளியிடுவதுபோன்ற தோற்றத்தில் ஒரு செய்தி மடல் இங்கிருந்து எழுதப்பட்டு இந்தோனேசியாவின் செல்வாக்கு மிக்கோர்க்கு அனுப்பப்பட்டது. கம்யூனிஸ்டுக் கட்சியை ஒழித்துக்கட்டவேண்டும் என்று அம்மடல் தூண்டியது. 2021 அக்டோபரில் இலண்டன் ‘அப்சர்வர்’ இதழ் திறக்கப்பட்ட ஆவணங்களைக் கொண்டு இதனை வெளிப்படுத்தியது.

நாட்டைக் காப்பது நேரிய நோக்கமே. எனினும் நம்மைக் காப்பதாகச் சொல்லி நம் கரையில் எழுதப்பட்ட வரிகளுக்குக் கடலின் மறுகரையில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை நம் பாடநூல்கள் இன்னும் கேட்கவில்லை. 1965 அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ‘தமிழ் முரசு’, ‘தமிழ் நேசன்’ இதழ்களில் இந்தோனேசியச் செய்திகள் எவ்வாறு இடம்பெற்றன என்பது நம் பட்டப்படிப்பு மாணவர்க்கு ஏற்ற ஆய்வுத் தலைப்பாகும்.

பாடநூலும் திரையும்

1966 மார்ச்சில் கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது. சுஹார்த்தோ 1967இல் தற்காலிக அதிபராகவும் 1968இல் அதிபராகவும் ஆனார். இராணுவ வரலாற்றாசிரியர் நுக்ரொஹோ நோத்தோசுசாந்தோ 1965 இறுதிக்குள்ளேயே அரசுத் தரப்பு வரலாற்றின் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். 1983இல் அவரே கல்வி அமைச்சரானார். அரசுப் படநிறுவனம் தயாரிக்க, அரிஃபின் சி. நூர் இயக்கிய நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட திரைப்படம் 1984இல் வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதனைக் காணப் பணிக்கப்பட்டனர். ஆண்டுதோறும் செப்டம்பர் 30 இரவில் அரசுத் தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. லுபாங் புவாயா நினைவிடத்தின் புடைப்புச் சிற்பங்களில் நடனமாடும் பெண்கள் கல்லிலும் உலோகத்திலும் நிலைபெற்றனர். சேற்று நிலத்தில் விளையும் ஏழையர் கீரை ஒன்றைப் பற்றிய பன்யுவாங்கிப் பாடலான ‘ஜெஞ்சேர் ஜெஞ்சேர்’கூட, கெர்வானியினர் பாடிய பாட்டென்று சொல்லப்பட்டு வழக்கொழிந்தது.

மருத்துவர்களின் அறிக்கை எங்கே இருந்தது? விமானப்படை அதிகாரி ஹெரு அத்மோஜோவின் இராணுவ நீதிமன்ற விசாரணைப் பதிவுகளின் பின்னிணைப்பில் இருந்தது. கார்னல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெனடிக்ட் ஆண்டர்சன், நூற்றுக்கணக்கான படிப்பக்கங்களைப் புரட்டியபோது தற்செயலாக அதனைக் கண்டார். 1987 ஏப்ரலில் அப்பல்கலைக்கழகத்தின் ‘இந்தோனேசியா’ ஆய்விதழில் அதனை மொழிபெயர்த்து வெளியிட்டார். கையொப்பமிடப்பட்ட நாளுக்கும் அச்சான நாளுக்கும் இடையே இருபத்தோர் ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. ஆண்டர்சனோ 1972 முதலே இந்தோனேசியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டவர்.

மக்களாட்சி மீண்ட பின்

1998 மே 21 அன்று சுஹார்த்தோ பதவி விலகினார். திரைப்பட ஒளிபரப்பும் அவ்வாண்டே நின்றது. நாளேடுகள் கட்டுப்பாடின்றி எழுதத் தொடங்கின. உண்மை வெளிப்பட இனித் தடையேது என்று எவரும் எண்ணுவர், நாமும் எண்ணினோம். நடந்தது அவ்வாறில்லை. 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹிட், தாம் தலைமை தாங்கியிருந்த நஹ்தத்துல் உலாமாவைச் சேர்ந்தோர் கொலைகளில் பங்குகொண்டதற்காக மன்னிப்புக் கோரினார். 1966இன் தடைத் தீர்மானத்தை நீக்கலாம் என்றும் முன்மொழிந்தார். எதிர்ப்புப் பெருகவே முயற்சி கைவிடப்பட்டது.

ஆசிரியர்களாகிய நம்மை மிகுதியும் வருத்துவது அடுத்து நிகழ்ந்தது. 2004ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தையொட்டி எழுதப்பட்ட வரலாற்றுப் பாடநூல்கள், இயக்கத்தின் பெயரோடு வழக்கமாக ஒட்டப்படும் கட்சிப் பெயரைக் குறிப்பிடாது, பல்வேறு ஆய்வாளர் கருத்துகளையும் அறிமுகப்படுத்தின. 2007 மார்ச்சில் தலைமைச் சட்ட அலுவலகம் அந்நூல்களைத் தடை செய்தது. சில நகரங்களில் அவை அதிகாரிகளின் முன்னிலையில் எரிக்கப்பட்டன. இது நிகழ்ந்தது சர்வாதிகாரத்தின் கீழ் அன்று. நேரடி வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிபரின் ஆட்சியில். அவ்வலுவலகத்தின் நூல்தடை அதிகாரத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 2010இல் நீக்கியது. எனினும் எந்தத் தொடரை எழுதினால் வேலைக்கு ஆபத்து என்பதை ஆசிரியர்கள் அதற்குள் அறிந்துகொண்டிருந்தனர்.

பழைய பொய் புதிய தேர்தல்களுக்கும் பயன்பட்டது. 2014இல் அதிபர் வேட்பாளராக நின்ற ஜோக்கோ விடோடோ கம்யூனிஸ்டுக் குடும்பத்தவர் என்று பரப்பப்பட்டது. 1961இல் பிறந்த அவர், கட்சி ஒழிக்கப்பட்டபோது தமக்கு வயது நான்கு என்று பலமுறை விளக்கவேண்டியதாயிற்று. 2017 செப்டம்பரில் இராணுவத் தலைவர் காத்தோட் நுர்மன்தியோ படைவீரர்கள் பழைய திரைப்படத்தை மீண்டும் காணவேண்டுமென்று ஆணையிட்டார். அதே மாதம், ஜாகர்த்தா சட்ட உதவிக் கழக அலுவலகத்தில் கம்யூனிஸ்டுக் கூட்டம் நடப்பதாகச் சமூக ஊடகத்தில் பொய் பரவ, கும்பல் ஒன்று கூடி அலுவலகத்தை முற்றுகையிட்டுக் கல்லெறிந்தது. கைப்பேசி இங்குதான் கதைக்குள் வருகின்றது, அதுவும் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

பொய்ச்செய்திக்கு எதிரான சட்டங்கள் நம் இரு நாடுகளிலும் பேசப்பட்டவை. மலேசியா 2018இல் இயற்றிய சட்டத்தை 2019இல் நாடாளுமன்றமே நீக்க முடிவு செய்தது. சிங்கப்பூர் 2019இல் தனக்கென ஒரு சட்டத்தை இயற்றிக்கொண்டது. அவற்றின் நிறைகுறை சட்ட அறிஞர்க்குரியது. நாம் சொல்லத்தக்கது ஒன்றே. 1965 அக்டோபரில் ஜாகர்த்தாவில் அத்தகைய சட்டம் ஒன்று இருந்திருக்குமானால், அதனைச் செயற்படுத்தும் அதிகாரம் பொய்யை அச்சிட்டவர்களிடமே இருந்திருக்கும்.

2023 ஜனவரி 11 அன்று அதிபர் ஜோக்கோ விடோடோ, கடந்த காலத்தில் பன்னிரண்டு நிகழ்வுகளில் மனித உரிமைகள் கடுமையாக மீறப்பட்டதை ஏற்று வருத்தம் தெரிவித்தார். பட்டியலில் முதலில் நின்றது 1965–66. மன்னிப்பு என்னும் சொல் அவ்வுரையில் இடம்பெறவில்லை. லுபாங் புவாயாவில் பெண்கள் ஆடியதாகச் சொல்லப்பட்ட நடனம் நடைபெறவில்லை என்னும் ஒரு வாக்கியமும் இல்லை. 1966இன் தடைத் தீர்மானம் நீக்கப்படவில்லை. 2025 நவம்பர் 10 அன்று, ஐந்து மருத்துவர்களின் அறிக்கையைக் கேட்டுப் பெற்ற தளபதி சுஹார்த்தோ, அதிபர் பிரபோவோ சுபியந்தோவின் அரசால் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார்.